கொய்யாத் தோப்புக்கு வாடகைத் தேனீப் பெட்டிகள்: ஒரு மதிப்பீடு

அழகர்மலை அடிவாரத்திலிருந்து நத்தம் வரை உள்ள தோட்டங்களுக்குப் பூக்கும் பருவத்தில் தேனீப் பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்து, பூ முடிந்ததும் எடுத்துச் செல்லும் ஒரு சேவையைக் கடந்த சித்திரைப் பூவின்போது எங்கள் கொய்யாத் தோப்பில் பயன்படுத்தினோம். குமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வரும் ஒரு குடும்பம் இதைத் தொழிலாக நடத்துகிறது. கடைப் பலகையோ விளம்பரமோ இல்லாமல், ஒரு தோட்டக்காரர் இன்னொருவரிடம் சொல்லி அழைக்கப்படும் தொழில் என்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொய்யாவுக்கும் எலுமிச்சைக்கும் கொடுத்த வாடகைக்குத் தகுந்த பலன் கிடைத்தது. மாமரத்துக்காக இதே பணத்தைச் செலவிடுமாறு நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். எந்தப் பயிராக இருந்தாலும் பெட்டிகளின் எண்ணிக்கையை வைத்து விலை பேசுவது பொருந்தாது. பெட்டிக்குள் இருக்கும் கூட்டத்தின் வலுவைப் பார்த்துத்தான் பேச வேண்டும்.

கொய்யா தன் மகரந்தத்தாலேயே காய்க்கக்கூடிய மரம். ஆகவே, பெட்டி இல்லாமலே காய்க்கும் தோப்புக்கு எதற்கு இந்தச் செலவு என்று பக்கத்துத் தோட்டக்காரர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் காய்ப்பது வேறு, நிறைவாகக் காய்ப்பது வேறு. கொய்யாப் பூவின் சூலகத்துக்குள் ஏராளமான சூல்கள் இருக்கின்றன. அவை கருவுற்று விதைகளாகும்போது அவ்விதைகளில் உண்டாகும் வளர்ச்சி ஊக்கிகள்தாம் சுற்றியுள்ள சதையைப் பெருக வைக்கின்றன. மகரந்தத்தை ஏற்கும் பகுதியான சூல்முடியில் மகரந்தம் போதிய அளவு விழாத பூ பிஞ்சிலேயே உதிர்ந்துவிடலாம். உதிராமல் நின்றாலும் சிறுத்தோ, ஒரு பக்கம் சூம்பியோ போகும் வாய்ப்பு அதிகம். எங்கள் தோப்பில் லக்னோ-49 ரக வரிசைகளுக்கு இடையே அலகாபாத் சபேதா ரக மரங்களும் கலந்து நிற்கின்றன. ஒரு மரத்தின் மகரந்தம் இன்னொரு மரத்தின் பூவுக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால், அதைச் சுமந்து செல்ல ஒரு பூச்சி வேண்டும்.

அந்தப் பூச்சி எது என்பதைக் கொய்யாப் பூவின் இயல்பே பெருமளவு தீர்மானிக்கிறது. இந்தப் பூ விடியற்காலையில் விரிகிறது. நூற்றுக்கணக்கான மகரந்தத் தாள்கள் விசிறியிருக்கும் அதில் பூந்தேன் மிகக் குறைவு, கிடைப்பதெல்லாம் மகரந்தம்தான். ஆகவே மகரந்தம் தேடி அதிகாலையிலேயே புறப்படும் தேனீ இதற்குப் பொருத்தமானது. பொந்துகளிலும் பெட்டிகளிலும் அடுக்கடுக்காக அடை கட்டும் நம் இந்தியத் தேனீ, இத்தாலியத் தேனீயை விடக் காலையில் முன்னதாக வேலையைத் தொடங்கும் வழக்கமுடையது. இந்தச் சேவையில் இரண்டு வகைப் பெட்டிகளும் உண்டு. நான் இந்தியத் தேனீயைத்தான் கேட்டு வாங்கினேன். 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்துப் பைப்புழு நோய் (Thai sacbrood) என்னும் நச்சுயிரி (வைரஸ்) நோய் தென்னிந்தியாவின் இந்தியத் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும்பகுதியை அழித்தபோது, வளர்ப்பவர்கள் பலர் இத்தாலியத் தேனீக்கு மாறினார்கள். அதைத் தாண்டியும் இந்தியத் தேனீயைக் கைவிடாமல் பெருக்கிக் காத்து வந்த குமரி மாவட்டத்துக் குடும்பங்களை எத்தனை பாராட்டினாலும் தகும்.

அவர்கள் ஏன் மதுரைப் பக்கம் வருகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது, சேவையின் காலக்கணக்கைப் புரிந்துகொள்ள உதவும். குமரி மாவட்டத்தில் தை, மாசி, பங்குனி மாதங்களில் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் துளிர்க்கும். அந்த இளந்தளிர்களின் காம்பில் சுரக்கும் இனிப்பு நீர்தான் அங்கே தேனுக்கு மூலம். அந்த வரத்து நின்றதும் கூட்டங்களுக்கு வேறு இரை வேண்டும். அப்போது நம் பக்கத்தில் கொய்யா பூக்கிறது, அதைத் தொடர்ந்து புளி பூக்கிறது. ரப்பர்த் தேன் பருவத்தில் நன்றாகத் தின்று பெருகிய கூட்டங்கள் சித்திரையில் நமக்கு வந்து சேர்கின்றன என்பதால், இந்தப் பருவத்துப் பெட்டிகள் பொதுவாக வலுவாக இருக்கின்றன. புரட்டாசி, ஐப்பசிப் பூவுக்கு இதே சேவையைக் கேட்பவர்கள் இவ்வளவு நல்ல கூட்டங்களை எதிர்பார்க்க முடியாது; பஞ்சகாலத்தைக் கடந்து மெலிந்து வரும் கூட்டங்கள் அவை.

இனி, பெட்டிகள் வந்து இறங்கிய விதம். நான் அழைத்தவுடனே அவர்கள் வரவில்லை. அதுவே எனக்கு முதல் நம்பிக்கையைத் தந்தது. "பூ பத்துல ஒண்ணாவது விரியட்டும் சார். அதுக்கு முன்னால கொண்டு வச்சா, ஈ சுத்தி இருக்கிற வேற பூவுக்குப் பழகிரும், பிறகு உங்க கொய்யாவைத் திரும்பிப் பார்க்காது" என்று சொல்லிவிட்டார் குடும்பத்தின் மூத்தவர். இது சரியான தொழிலறிவு. தேனீ ஒரு வகைப் பூவில் இரை கண்டுவிட்டால் தொடர்ந்து அதே வகைப் பூவையே நாடும். அந்த ஒருமைப்பாட்டினால்தான் மகரந்தச் சேர்க்கைக்கு அது இத்தனை சிறந்த பூச்சியாக இருக்கிறது. அதே காரணத்தால், தோப்பில் பூ விரிவதற்கு முன் வைக்கப்பட்ட பெட்டி வேலிக்கு அப்பாலுள்ள பூக்களுக்கு உழைக்கத் தொடங்கிவிடும். பெட்டிகள் இரவில், ஈக்கள் போய்வரும் வாயில் அடைக்கப்பட்டு, வண்டியில் வந்தன. விடிவதற்குள் மரங்களுக்கிடையே தாங்கிகளில் ஏற்றி, வாயிலைத் திறந்துவிட்டார்கள். ஆட்டம், இரைச்சல், பெட்டி உடைப்பு எதுவும் இல்லை.

மறுநாள் காலை, ஈக்கள் அமைதியடைந்த பிறகு, ஒவ்வொரு பெட்டியையும் என் முன்னிலையில் திறந்து காட்டும்படி கேட்டேன். தயக்கமின்றித் திறந்தார்கள். இந்த ஒரு பழக்கத்தை ஒவ்வொரு தோட்டக்காரரும் கட்டாயம் கைக்கொள்ள வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். மேல்மூடியை நீக்கி, ஈக்கள் அடை கட்டியிருக்கும் மரச் சட்டங்களைப் பார்க்கும்போது, எத்தனை சட்டங்களில் இரு பக்கமும் ஈக்கள் மூடியிருக்கின்றன என்பதை முதலில் கவனிக்க வேண்டும். இந்தியத் தேனீயில் ஐந்து சட்டங்களாவது நிறைந்திருக்கும் கூட்டத்தைத்தான் நல்ல கூட்டம் என்பேன். அடுத்து, ஒரு சட்டத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அறைகளின் அடியில் முட்டைகளும், வெண்ணிறப் புழுக்களும் தெரிய வேண்டும். முட்டை இருந்தால் ராணித் தேனீ உள்ளே இருந்து வேலை செய்கிறது என்று பொருள். மூடப்படாத அறைகளில் புழுக்கள் நிறைய இருந்தால் அவற்றுக்கு ஊட்ட மகரந்தம் நிறைய வேண்டும்; அந்தப் பசியின் உந்துதலால்தான் வயலுக்குப் போகும் ஈக்கள் மகரந்தத்தை நாடுகின்றன. பூந்தேன் குறைவாகவும் மகரந்தம் மிகுதியாகவும் உள்ள கொய்யாவுக்கு இது உயிர்நாடியான செய்தி. தேன் நிறைந்து, புழு குறைந்த பெட்டி பார்வைக்குக் கனமாக இருக்கும். கொய்யாத் தோப்புக்கு அதனால் பயன் குறைவு.

கூட்டத்தின் அளவுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தர வேண்டும் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. வேலைக்காரத் தேனீ தன் வாழ்நாளின் முற்பகுதியைக் கூட்டுக்குள்ளேயே கழிக்கிறது: அறைகளைத் துப்புரவு செய்வது, புழுக்களுக்கு ஊட்டுவது, மெழுகு சுரந்து அடை கட்டுவது என்று வேலைகள் இருக்கின்றன. ஏறக்குறைய மூன்று வாரத்துக்குப் பிறகே அது வெளியே இரை தேடப் புறப்படும். சிறிய கூட்டத்தில் உள்வேலைக்கே ஆள் பற்றாது. பெரிய கூட்டத்தில் வெளியே போகக்கூடிய ஈக்களின் பங்கு கூடுதலாக இருக்கும். எனவே இரண்டு சட்டம் நிறைந்த இரு பெட்டிகளைச் சேர்த்தாலும் நான்கு சட்டம் நிறைந்த ஒரு பெட்டியின் வேலை நடப்பதில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பாதாம் தோப்புகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 20 லட்சம் தேனீக் கூட்டங்கள் வாடகைக்குப் போகின்றன. அங்கே பெட்டிக்கு சராசரியாக 8 சட்டங்கள் ஈ நிறைந்திருக்க வேண்டும் என்பது ஒப்பந்தங்களில் பரவலாக இடம்பெறும் நிபந்தனை. அதைச் சோதிக்க மூன்றாம் தரப்பு ஆட்களும் இருக்கிறார்கள். நம் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் இன்னும் வரவில்லை. வர வேண்டும்.

இது இல்லாததன் விளைவை முந்தைய பூவிலேயே பார்த்தேன். அப்போது வேறொரு நிறுவனத்தினரிடம் பெட்டி எடுத்திருந்தோம். எண்ணிக்கை சரியாக இருந்தது, வண்ணம் பூசிய புதுப் பெட்டிகள், சிட்டையும் முறையாகக் கொடுத்தார்கள். ஆனால் பல பெட்டிகளில் இரண்டு சட்டத்துக்கு மேல் ஈ இல்லை. சிலவற்றில் மெழுகு அந்துப்பூச்சியின் புழுக்கள் அடைகளைத் துளைத்து நூல் கட்டியிருந்தன. ஓரிரு கூட்டங்கள் சில நாளிலேயே பெட்டியை விட்டுப் பறந்துபோயின. கேட்டபோது "கோடை வெயில் அப்படி" என்பது மட்டுமே பதில். காலிப் பெட்டிக்கும் வாடகை கொடுத்த அந்த அனுபவத்தோடு ஒப்பிடுகையில், இப்போதைய சேவை எத்தனையோ மேல்.

பராமரிப்பில் இவர்களுக்கு நல்ல மதிப்பெண் தருவேன். சித்திரை, வைகாசி மதுரை வெயிலில் இந்தியத் தேனீ பெட்டியில் தங்குவது எளிதன்று. அடை உருகாமலும் புழு சாகாமலும் காக்க, அது தண்ணீர் கொண்டுவந்து சிறகால் விசிறிக் கூட்டைக் குளிரவைக்கிறது. ஆகவே பெட்டிகளை மர நிழலில், காலை வெயில் மட்டும் வாயிலில் படும்படி வைத்தார்கள். மேலே நனைத்த சாக்கு போட்டார்கள். அருகில் அகலமான தட்டுகளில் கூழாங்கற்கள் பரப்பித் தண்ணீர் ஊற்றிவைக்குமாறு சொன்னார்கள். கல் இல்லாத தட்டில் ஈக்கள் விழுந்து மூழ்கிவிடும். எறும்பு ஏறாமல் தாங்கியின் அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைப்பது பழைய முறைதான், ஆனால் அந்தக் கிண்ணம் வற்றாமல் பார்க்கும் பொறுப்பு நமக்கு என்பதை எழுதியே கொடுத்தார்கள். வாரம் ஒரு முறை ஒருவர் வந்து சட்டங்களைச் சோதித்தார். ஒரு கூட்டம் ஓடிப்போனபோது, கேட்காமலே மாற்றுக் கூட்டம் வந்தது.

குறையென்று எழுத வேண்டியவையும் உண்டு. தோப்பில் வேலை செய்யும் பெண்களுக்கும், தண்ணீர் பாய்ச்சுபவருக்கும் தேனீயின் அருகில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. பெட்டியின் வாயிலுக்கு நேரே நின்று குப்பை கூட்டிய ஒருவருக்கு முகத்தில் கொட்டு விழுந்தது. கொடுக்கை நகத்தால் கிள்ளி எடுக்க நேரம் பார்க்காமல், உடனே வழித்து அகற்ற வேண்டும் என்பதையும், மூச்சுத் திணறலோ உடலெங்கும் தடிப்போ வந்தால் தாமதமின்றி மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும் பெட்டி இறக்கும் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். தொழில் தெரிந்தவர்களுக்கு இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். கூலிக்கு வருபவர்களுக்கு அப்படியன்று.

இதைவிடப் பெரிய குறை பூச்சிமருந்து பற்றியது. எங்கள் தோப்பில் பூவிருக்கும் காலம் முழுவதும் மருந்தடிக்கக் கூடாது, தவிர்க்கவே முடியாவிட்டால் ஈக்கள் கூடடைந்த பின் மாலையில் மட்டும் அடிக்க வேண்டும், அதையும் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும் என்று சேவையின் நிபந்தனை இருக்கிறது. அது சரியே. ஆனால் தேனீ வேலியைப் பார்த்துத் திரும்பும் உயிரினம் அன்று. இந்தியத் தேனீ ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்காவது சாதாரணமாகப் போய்வரும். எங்கள் தோப்பை ஒட்டி மல்லிகைத் தோட்டங்கள் இருக்கின்றன. புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியை மொட்டாகவே பறித்துவிடுவதால் அதற்குத் தேனீ தேவையில்லை. மொட்டுப்புழுவுக்கு அஞ்சி அங்கே மருந்து அடிக்கடி தெளிக்கப்படுகிறது. காலைக் காற்றில் அந்தத் தெளிப்பு இந்தப் பக்கம் வந்தால், பெட்டியின் முன்னே ஈக்கள் துடித்துக் கிடப்பதைக் காண நேரும். இமிடாகுளோபிரிட் உள்ளிட்ட மூன்று நியோநிகோட்டினாய்டு மருந்துகளைத் திறந்தவெளிப் பயிர்களில் பயன்படுத்துவதை ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தடை செய்தது; நம் ஊர்க் கடைகளில் அவை தாராளமாகக் கிடைக்கின்றன. அக்கம்பக்கத்தாரிடம் பேசி, தெளிப்பதை மாலைக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லும் வேலையை நாங்களே செய்தோம். மல்லிகைக்காரர்கள் பெரும்பாலோர் மனமுவந்து ஒத்துக்கொண்டார்கள். இதைப் பெட்டி கொண்டுவருபவரே, தொழில் தெரிந்த மனிதர் என்ற தகுதியோடு, ஊரில் நான்கு பேரைக் கூட்டிச் சொன்னால் அந்தச் சொல்லுக்கு எடை கூடும்.

பலன் என்ன என்பதற்கு வருகிறேன். பூ மொட்டாக இருக்கும்போதே சில கிளைகளைக் கொசுவலைத் துணியால் மூடிக் கட்டிவைத்தோம். அந்தக் கிளைகளில் நின்ற பிஞ்சு, அதே மரத்தின் திறந்த கிளைகளில் நின்றதில் பாதிகூட இல்லை. நின்ற காய்களும் சிறியவை. ஆனால் இந்த வேறுபாடு முழுவதையும் வாடகைப் பெட்டியின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. வலை தடுத்தது பெட்டித் தேனீயை மட்டும் அன்று. கொம்புத்தேனீ, கொசுத்தேனீ, தண்ணீர்த் தொட்டிகளில் அடை கட்டும் மலைத்தேனீ, மரத்தைத் துளைக்கும் கருவண்டு எல்லாவற்றையும்தான் தடுத்தது. எனினும், பெட்டிகள் வருவதற்கு முன் விடியற்காலையில் பூவில் இந்தியத் தேனீயைக் காண்பதே அரிதாக இருந்தது; வந்த பிறகு, வெயில் ஏறுவதற்குள் மகரந்தம் அள்ளிக்கொண்டிருந்த பூச்சிகளில் பெரும்பகுதி அதுவே. மகரந்தம் காலையிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும் பூவில், அந்த முதல் சில மணி நேரத்தில் யார் வந்தார்கள் என்பதுதான் கணக்கு. பூவிலிருந்து பழத்துக்கு நான்கைந்து மாதம் ஆகும். ஆவணியில் பறித்தபோது ஒரு பக்கம் சூம்பிய காய் வெகுவாகக் குறைந்திருந்தது. மாட்டுத்தாவணிச் சந்தையில் கொய்யாவை அளவு பார்த்துத் தரம் பிரிக்கும்போது, முதல் தரத்துக்குப் போன கூடைகள் முந்தைய பருவத்தைவிடக் கூடின. அந்தப் பருவத்தில் மழையும் கொஞ்சம் கைகொடுத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எலுமிச்சையில் பூந்தேன் நன்றாகச் சுரப்பதால் அழைக்காமலே ஈக்கள் போயின. அதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை.

மாமரத்தைப் பற்றி எழுத வேண்டும், ஏனென்றால் இந்தச் சேவையினர் நத்தம் பக்கத்து மாந்தோப்புகளுக்கும் பெட்டி வைக்கலாம் என்று சொல்லிவருகிறார்கள். மாம்பூங்கொத்து ஒன்றில் நூற்றுக்கணக்கான பூக்கள் இருந்தாலும், அவற்றில் பெரும்பகுதி ஆண் பூக்கள். இருபால் பூக்களிலும் மிகச் சிலவே கனியாக முதிர்கின்றன. அந்தப் பூவுக்கு வரும் பூச்சிகளில் ஈக்களே, அதாவது வீட்டு ஈ, பச்சை ஈ போன்றவையே முக்கியமானவை. தேனீக்கும் மாம்பூ பெரிய ஈர்ப்பன்று. தைப் பூவில், பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சிக்காக மருந்தடிக்காமல் விடும் மாந்தோப்பு நம் பக்கத்தில் அரிது. மருந்தடிக்கும் தோப்பில் பெட்டி வைப்பது அந்தக் கூட்டங்களைக் கொல்வதற்கு ஒப்பாகும். மாவுக்கு முதலில் செய்ய வேண்டியது பூ விரிந்த நாட்களில் மருந்தைத் தவிர்ப்பதும், தோப்பில் இலைமட்கும் குப்பையும் சாணமும் இருக்க விட்டு ஈக்களுக்கு இடம் கொடுப்பதும்தான். விதையில்லாமலே காய்க்கும் வாழைக்கும், பெரும்பாலும் தன்மகரந்தத்தால் காய்க்கும் கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சைக்கும் வாடகைப் பெட்டி தேவையில்லை. ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே பூக்கும் தர்ப்பூசணிக்கு மிகவும் தேவை. பெண் பூ ஒரே நாள்தான் விரிந்திருக்கும், அந்தக் காலைக்குள் தேனீக்கள் பல முறை வந்துபோகாவிட்டால் காய் கோணலாகிவிடும். மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கத்தில் தர்ப்பூசணி போடுபவர்கள் மாந்தோப்புக்காரர்களுக்கு முன்பாக இவர்களை அழைக்க வேண்டும்.

வாடகையைப் பொறுத்தவரை, ஏக்கருக்கு இரண்டு பெட்டிகள், பூ முடியும்வரை பெட்டிக்கு 800 ரூபாய், வண்டிக் கூலி தனி என்று பேசினோம். தேன் முழுவதும் அவர்களுக்கே. கொய்யாவில் தேன் வரத்து மிகக் குறைவு என்பதால் இதில் நமக்கு இழப்பில்லை. தேனில் பங்கு தருகிறோம் என்று சொல்லி வாடகையை உயர்த்துபவரிடம் கொய்யாக்காரர்கள் ஏமாற வேண்டாம். சொந்தமாகப் பெட்டி வாங்கி வளர்க்கலாமே என்பது அடுத்த கேள்வி. ஆண்டு முழுவதும் ஏதாவது பூ கிடைக்கும் கலப்புத் தோட்டம் உள்ளவர்கள், ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில் பயிற்சி எடுத்துக்கொண்டு தாராளமாக வளர்க்கலாம். கொய்யா மட்டுமே உள்ள தோப்பில், பூ முடிந்தபின் வரும் பஞ்சமாதங்களில் சர்க்கரைப்பாகு ஊட்டிக் கூட்டத்தைக் காப்பது முழுநேரக் கவனம் கேட்கும் வேலை. எங்களுக்கு வாடகையே தோதாகிறது.

அடுத்த சித்திரைக்கும் இவர்களையே அழைக்க இருக்கிறோம், ஆனால் மூன்று நிபந்தனைகளோடு. ஐந்து சட்டத்துக்குக் குறைந்த பெட்டிக்குப் பாதி வாடகைதான். இறக்கிய மறுநாள் எல்லாப் பெட்டிகளையும் திறந்து சேர்ந்து பார்க்க வேண்டும். வேலையாட்களுக்கு அரைமணி நேரமாவது சொல்லித்தர வேண்டும். மூத்தவர் மூன்றுக்கும் ஒப்புக்கொண்டார், ஒன்றை மட்டும் தன் பக்கத்திலிருந்து கேட்டார்: பூ எப்போது விரியும் என்பதை மாசிக்குள் தோராயமாகவாவது சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ரப்பர்த் தோட்டத்திலிருந்து பெட்டிகளை நகர்த்தும் வரிசையை அவர்கள் அப்போதே முடிவு செய்துவிடுகிறார்கள். கவாத்து செய்து (கிளைகளை வெட்டிவிட்டு) தண்ணீர் விட்ட நாளைக் குறித்துவைத்திருப்பவர்களுக்கு அதைக் கணிப்பது கடினமன்று.